காது ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்றால் நல்லதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. முதலில் காட்டிய இடத்தில் வலது காதுக்கு ‘பி.டி.ஏ. 48, மாடரேட்’ என்று எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து வேறோர் இடத்தில் ‘பி.டி.ஏ. 52.5, மாடரேட்லி சிவியர்’ என்கிறார்கள். இரண்டே வாரத்தில் காது இவ்வளவு மந்தமாகிவிட்டதா? 52 என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தமா? இரண்டு ஆடியோகிராமையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் அப்பாவின் காது மாறவில்லை. நீங்கள் அனுப்பிய இரண்டு வரைபடங்களிலும் வலது காதின் அளவுகள் ஒன்றேதான்: 500 ஹெர்ட்ஸ் அலைவெண்ணில் 40, 1000-ல் 50, 2000-ல் 55, 4000-ல் 65 டெசிபல். பி.டி.ஏ. என்பது ‘ப்யூர் டோன் ஆவரேஜ்’, அதாவது இந்த அளவுகளின் சராசரி. முதல் இடத்தில் முதல் மூன்றை மட்டும் எடுத்திருக்கிறார்கள். கூட்டினால் 145, மூன்றால் வகுத்தால் 48.3. இரண்டாவது இடத்தில் 4000-ஐயும் சேர்த்திருக்கிறார்கள். 210-ஐ நான்கால் வகுத்தால் 52.5. இரண்டும் சரியான கணக்குகளே.

பெயர் மாறியதற்குக் காரணம் வேறு. நெடுங்காலமாகப் புழங்கும் அட்டவணையில் 41 முதல் 55 வரை ‘மாடரேட்’. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் எல்லைகள் வேறு: 20-க்குக் கீழே இயல்பு, 20 முதல் 35-க்குள் லேசான குறைவு, 35 முதல் 50-க்குள் மாடரேட், 50 முதல் 65-க்குள் மாடரேட்லி சிவியர், 65 முதல் 80-க்குள் சிவியர், 80 முதல் 95-க்குள் ப்ரொஃபவுண்ட், அதற்கு மேல் முழுச் செவிடு. அந்த அறிக்கை நன்றாகக் கேட்கும் காதின் நான்கு அலைவெண் சராசரியை வைத்துத் தரம் பிரிக்கிறது. ஆகவே எந்த அட்டவணை, எத்தனை அலைவெண் என்று தெரியாமல் ‘மாடரேட்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு காது தேறியதா, மோசமானதா என்று முடிவுகட்ட முடியாது. வரைபடத்தைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை 500-ஐ 500-உடனும் 4000-ஐ 4000-உடனும் ஒப்பிடுங்கள். 5 டெசிபல் ஏறி இறங்குவது ஒரே காதில் ஒரே நாளில்கூட நடக்கும். 10 அல்லது அதற்கு மேல் மாறியிருந்தால் மறுபடி சோதிக்கச் சொல்லலாம்.

இனி சதவீதம். டெசிபலைச் சதவீதமாகப் படிப்பதுதான் நமக்கு வரும் கடிதங்களில் அதிகம் காணும் பிழை. ஆடியோகிராமில் 0 என்பது ஓசையே இல்லாத நிலை அல்ல. காது நலமாக உள்ள இளவயதினர் சராசரியாகக் கேட்கும் மிக மெல்லிய ஒலிக்கு வைத்த புள்ளி அது. அதனால்தான் சிலருக்கு மைனஸ் 5, மைனஸ் 10 என்றும் வரும். அங்கிருந்து ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு பெருகும். 1000 ஹெர்ட்ஸில் 50 என்றால், அந்தப் புள்ளியில் இருப்பதைப்போல லட்சம் மடங்கு ஆற்றல் கொடுத்தால்தான் அப்பாவுக்கு அந்த ஒலி கேட்கத் தொடங்கும். இதில் பாதி, முக்கால் என்று பேச இடமில்லை.

அப்பாவின் வரைபடத்தில் சராசரியைவிட முக்கியமானது அந்தச் சரிவு. தாழ்ந்த அலைவெண்ணில் 40, உயர்ந்ததில் 65. உயிரெழுத்து ஒலிகளின் வலு தாழ்ந்த அலைவெண்களில் இருக்கிறது. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பலவும் உயரத்தில், மெலிந்து இருக்கின்றன. எனவே ‘காசு’ என்றாலும் ‘காது’ என்றாலும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றாகவே விழும். “சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல” என்று அவர் சொன்னால் அது சாக்குப்போக்கு அல்ல. கத்திப் பேசினால் முக்கியமாக உயிரொலிதான் பெருகும். முகம் பார்த்து, நிறுத்தி, தெளிவாகப் பேசுவது அதைவிட உதவும்.

கேள்வி: முதலில் ஹெட்போன் போட்டுச் சோதித்தார்கள். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு கருவியை அழுத்தி வைத்தார்கள். மூன்றாவதாக, நன்றாகக் கேட்கும் காதில் ‘உஸ்’ என்று இரைச்சலை ஓடவிட்டு மறுபடி சோதித்தார்கள். ஒரே சோதனையை எதற்காக மூன்று முறை செய்கிறார்கள்?

பதில்: மூன்றும் மூன்று வேலை. ஹெட்போன் வழி வரும் ஒலி புறச்செவி, செவிப்பறை, நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகள் எல்லாவற்றையும் கடந்து உட்செவிக்குப் போகிறது. இது காற்றுவழிக் கேட்டல். எலும்பில் வைக்கும் அதிர்வி அந்தப் பாதையைத் தாண்டி உட்செவியின் நத்தைச்சுருளை நேரே தட்டுகிறது. இது எலும்புவழிக் கேட்டல். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ‘ஏர் போன் கேப்’.

காற்றுவழி 50, எலும்புவழி 10 என்றால் உட்செவி நலம், வழியில்தான் அடைப்பு: கண்டக்டிவ் வகை. குறும்பி, செவிப்பறை ஓட்டை, நடுச்செவி நீர், சிற்றெலும்புக் கோளாறு எதுவாகவும் இருக்கலாம். இரண்டுமே 50 என்றால் நத்தைச்சுருளிலோ நரம்பிலோ குறை: சென்சரிநியூரல் வகை. காற்றுவழி 60, எலும்புவழி 30 என்றால் இரண்டும் கலந்த ‘மிக்ஸ்டு’. 10 டெசிபலைத் தாண்டும் இடைவெளிக்குத்தான் பொருள் உண்டு.

மூன்றாவதாகச் செய்தது ‘மாஸ்கிங்’. உங்களுக்குச் செய்த மூன்றில் பிழைகளைத் தடுப்பது இதுதான். சாதாரண ஹெட்போனில் ஒரு காதுக்குக் கொடுக்கும் ஒலி ஏறக்குறைய 40 டெசிபல் தேய்ந்து, மண்டையோடு வழியாக மறுகாதுக்குப் போய்விடும். எலும்பதிர்வியிலோ தேய்மானமே கிடையாது என்று கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் வைத்தாலும் இரண்டு நத்தைச்சுருளும் அதிரும். ஒரு காது முற்றிலும் கேட்காமல் போயிருந்தாலும், நல்ல காது அந்த ஒலியைக் கேட்டுவிடும், நீங்களும் பொத்தானை அழுத்திவிடுவீர்கள். வரைபடத்தில் செத்த காது 50, 60 டெசிபலில் கேட்பதுபோலவும், எலும்புவழி நன்றாக இருப்பதுபோலவும் ஒரு போலிக்கோடு விழும். இதற்கு நிழல்கோடு என்று பெயர். அதை நம்பி, இல்லாத நடுச்செவி நோய்க்கு அறுவை சிகிச்சை வரை போக வாய்ப்பு உண்டு. நல்ல காதை இரைச்சலால் மூழ்கடித்துவிட்டால் அது குறுக்கிடாது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. மாஸ்கிங் செய்திருந்தால் வட்டத்துக்குப் பதில் முக்கோணம், பெருக்கல் குறிக்குப் பதில் சதுரம் இருக்கும். எலும்புவழிக் குறி கோணவடிவிலிருந்து பகர அடைப்பாக மாறியிருக்கும். இரண்டு காதுக்கும் 40 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தும் வரைபடத்தில் முக்கோணமோ சதுரமோ இல்லையென்றால், “மாஸ்கிங் பண்ணீங்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். குறியின் அடியில் கீழ்நோக்கி ஓர் அம்பு இருந்தால், கருவியின் உச்ச அளவிலும் கேட்கவில்லை என்று பொருள்.

கேள்வி: சோதனையின்போது கேட்டதா, பிரமையா என்றே தெரியாத ஒலிகளுக்கு அழுத்தலாமா?

பதில்: அழுத்துங்கள். அந்த மங்கலான எல்லையைத்தான் தேடுகிறார்கள். கேட்டால் 10 டெசிபல் இறக்குவார்கள், கேட்காவிட்டால் 5 ஏற்றுவார்கள். ஏற்றி வரும்போது பாதித் தடவையாவது கேட்கும் மிகக் குறைந்த அளவே உங்கள் எல்லை. ‘நிச்சயமாகக் கேட்டால்தான் அழுத்துவேன்’ என்று உட்கார்ந்தால் 10 டெசிபல்வரை மோசமாகப் பதிவாகும். எப்போதும் காதில் இரைச்சல் இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொன்னால், தொடர் ஒலிக்குப் பதில் விட்டுவிட்டு வரும் ஒலியைக் கொடுப்பார்கள். முந்தின நாளிலிருந்தே பலத்த சத்தத்தைத் தவிருங்கள். குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிட்டுச் சோதிப்பதே முறை.

கேள்வி: டாக்டர் கவைபோன்ற ஒரு கம்பியைத் தட்டி வைத்துப் பார்த்து, ‘இடது காது ரின்னே நெகட்டிவ், வெபர் இடப்பக்கம்’ என்று எழுதினார். நெகட்டிவ் என்றதும் நிம்மதியாக வந்துவிட்டேன். இப்போது அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார். ஏன்?

பதில்: இரத்தப் பரிசோதனையில் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை. ரின்னேயில் அப்படியே தலைகீழ். பலர் ஏமாறும் இடம் இது, உங்கள்மேல் தவறில்லை.

அந்தக் கம்பி 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை. அதைக் காதுக்கு முன்னால் பிடித்தும், காதின் பின் எலும்பில் ஊன்றியும் எங்கே ஒலி கூடுதல் என்று கேட்பார்கள். 1855-ல் ஜெர்மானிய மருத்துவர் ரின்னே எழுதிவைத்த முறை. காதுக்கு முன்னால் கூடுதலாகக் கேட்டால் பாசிட்டிவ், அதுவே இயல்பு. எலும்பில் கூடுதலாகக் கேட்டால் நெகட்டிவ், அதாவது காற்றுவழியில் தடை. பாசிட்டிவ் என்றாலும் காது நலம் என்று முடிந்துவிடாது. நரம்புவகைக் குறைவில் இரண்டு வழியும் சேர்ந்தே குறைவதால் அங்கும் பாசிட்டிவ்தான் வரும்.

வெபர் சோதனையில் இசைக்கவையை நெற்றி நடுவில் வைப்பார்கள். ஒலி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே விடை. தடைவகைக் குறைவில் குறையுள்ள காதின் பக்கம் சாயும், நரம்புவகையில் நல்ல காதின் பக்கம் சாயும். நம்பச் சிரமமாக இருந்தால் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில்தான் உரக்கக் கேட்கும். உங்களுக்கு இடப்பக்கம் ரின்னே நெகட்டிவ், வெபரும் இடப்பக்கமே சாய்கிறது. இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன: இடது காதில் தடைவகைக் குறைவு. ஒரு காது முழுதும் கேட்காதபோதும் ரின்னே பொய்யாக நெகட்டிவ் காட்டும், ஆனால் அப்போது வெபர் எதிர்ப்பக்கம் போகும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள்.

கேள்வி: டிம்பனோபிளாஸ்டி, மிரிங்கோட்டமி, ஓட்டால்ஜியா என்று மாமியாரின் கோப்பு முழுக்க வாயில் நுழையாத சொற்கள். மனப்பாடம் செய்ய வழி உண்டா?

பதில்: மனப்பாடம் வேண்டாம், பிரித்தால் போதும். முன்பாதி இடத்தைச் சொல்லும். ‘ஓட்டோ’ காது, ‘மிரிங்கோ’ செவிப்பறை, ‘டிம்பனோ’ செவிப்பறையும் நடுச்செவியும். பின்பாதி என்ன நடந்தது, என்ன செய்தார்கள் என்று சொல்லும். ‘ஆல்ஜியா’ வலி, ‘ரியா’ ஒழுகல், ‘ஐட்டிஸ்’ அழற்சி, ‘ஸ்கோபி’ கருவியால் பார்த்தல், ‘பிளாஸ்டி’ சீரமைத்தல், ‘ஒட்டமி’ கீறல் அல்லது துளை, ‘எக்டமி’ அகற்றுதல். ஆக ஓட்டால்ஜியா காதுவலி, ஓட்டோரியா காதுச்சீழ் ஒழுகல். மிரிங்கோட்டமி செவிப்பறையில் சிறு கீறல். மிரிங்கோபிளாஸ்டி செவிப்பறை ஓட்டையை மட்டும் மூடுவது. டிம்பனோபிளாஸ்டி நடுச்செவியையும் திறந்து பார்த்து, தேவையானால் சிற்றெலும்புகளையும் சரிசெய்வது. கடைசி அசை மாறினால் அறுவையே மாறும். நடுச்செவிச் சிற்றெலும்புகளில் ஒன்றான அங்கவடி எலும்பு இறுகிப்போகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் நோயில், அதன் அடித்தட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையிட்டு பிஸ்டன் பொருத்துவது ஸ்டேபிடோட்டமி. அடித்தட்டையே எடுத்துவிடுவது ஸ்டேபிடெக்டமி.

‘கொலஸ்டியடோமா’ என்ற சொல் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. கோப்பில் அது இருந்தால் கவனம் தேவை. 1838-ல் வைத்த பெயர், தவறான பெயர். அதில் கொலஸ்டிரால் இல்லை, புற்றுநோயும் இல்லை. தோல் இருக்கக்கூடாத நடுச்செவிக்குள் தோல் வளர்ந்து, உதிர்ந்த செதில்கள் பையாகச் சேர்வது. ஆனால் அந்தப் பை எலும்பை அரிக்கும். சிற்றெலும்புகள், முகநரம்பு, உட்செவி, மூளையுறை வரைகூடப் போகும். நாட்பட்ட காதுச்சீழை ‘சி.எஸ்.ஓ.எம்.’ என்று எழுதி, பக்கத்தில் ‘மியூகோசல்’ அல்லது ‘ஸ்குவாமஸ்’ என்று குறிப்பார்கள். பழைய கோப்பில் ‘சேஃப்’, ‘அன்சேஃப்’ என்றிருக்கும். ஸ்குவாமஸ், அன்சேஃப் இரண்டும் கொலஸ்டியடோமாவைத்தான் குறிக்கின்றன. ஒழுகல் கொஞ்சமாக இருந்து நாற்றம் அதிகமாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். சொட்டு மருந்தில் காய்ந்துவிட்டது என்று இதை விட்டுவிடக்கூடாது.

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. டிம்பனோகிராமில் இரண்டு காதும் ‘டைப் பி’. செவிப்பறையில் ஓட்டை என்கிறார் ஒருவர், உள்ளே நீர் என்கிறார் இன்னொருவர்.

பதில்: டிம்பனோகிராம் கேட்கும் திறனை அளப்பதில்லை. காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது செவிப்பறை எப்படி அசைகிறது என்பதை மட்டுமே காட்டும். நடுவில் நல்ல சிகரம் இருந்தால் ‘ஏ’. சிகரம் மைனஸ் 100 டெக்காபாஸ்கலையும் தாண்டி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் ‘சி’, அதாவது மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் சரியாகத் திறப்பதில்லை. சிகரமே இல்லாமல் கோடு தட்டையாக இருந்தால் ‘பி’.

உங்கள் இரண்டு ஆலோசகர்களுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லும் எண் அதே தாளில் இருக்கிறது. ‘இ.சி.வி.’ என்று தேடுங்கள். காதுக்குழாயின் கொள்ளளவு அது. குழந்தைகளுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 1 மில்லிலிட்டர். தட்டைக்கோடும் இயல்பான கொள்ளளவும் என்றால் செவிப்பறைக்குப் பின்னால் நீர். தட்டைக்கோடு, கொள்ளளவு மிகப் பெரிது என்றால் ஓட்டை, காற்று நடுச்செவிவரை போய்விடுகிறது. கொள்ளளவு மிகச் சிறிது என்றால் குறும்பி, அல்லது கருவியின் முனை குழாய்ச் சுவரில் முட்டியிருக்கிறது, சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

உங்கள் மகனின் தாளில் இரண்டு பக்கமும் 0.7 என்று இருப்பதால் நீர் என்பதே பொருத்தம். ‘ஓ.எம்.இ.’ என்றும் ‘க்ளூ இயர்’ என்றும் சொல்வது இதைத்தான். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஆகவே பிள்ளைக்கு அசட்டை என்று வீட்டிலும் வகுப்பிலும் திட்டு விழும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும் என்பதால் அதுவரை பார்ப்பார்கள். ஆன்டிபயாட்டிக்கும் சளி மாத்திரையும் இதைக் கரைப்பதில்லை. மூன்று மாதம் தாண்டியும் இருந்து, ஆடியோகிராமிலும் குறைவு தெரிந்தால், செவிப்பறையில் கீறி ‘க்ரோமெட்’ என்னும் குட்டிக் குழாய் வைப்பார்கள். பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்தில் அது தானே விழுந்துவிடும். பேச்சு வளர்ச்சி பின்தங்கிய குழந்தைக்கும் அண்ணப் பிளவு உள்ள குழந்தைக்கும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: ரிப்போர்ட்டில் ‘ஏ.எஸ்.’ என்றிருந்தால் இரண்டு பொருள் உண்டு. டிம்பனோகிராமின் வகையாக வந்தால் சிகரம் குட்டையானது, பாதை இறுகியிருக்கிறது. தனியே ‘ஏ.டி., ஏ.எஸ்.’ என்று வந்தால் அவை வலது காது, இடது காது என்பதற்கான இலத்தீன் சுருக்கம். ‘ஏ.டி.’க்கும் இதே சிக்கல்தான். வகையாக வந்தால் செவிப்பறை அளவுக்கு மீறி அசைகிறது, சிற்றெலும்புத் தொடர் அறுந்திருக்கலாம்.

கேள்வி: அக்காவுக்குப் பிறந்த குழந்தையின் காதுச் சோதனையில் ‘ரெஃபர்’ என்று வந்திருக்கிறது. தட்டு விழுந்தால் குழந்தை திடுக்கிடுகிறதே, இனிச் சோதனை எதற்கு?

பதில்: ‘ரெஃபர்’ என்றால் செவிடு அல்ல, அடுத்த சோதனைக்கு அனுப்பு என்று பொருள். செய்தது ‘ஓ.ஏ.இ.’. நத்தைச்சுருளின் வெளிமயிரணுக்கள் ஒலியைக் கேட்டதும் தாமும் ஒரு மெல்லிய ஒலியை எழுப்பும். 1978-ல் டேவிட் கெம்ப் கண்டறிந்து வெளியிட்ட உண்மை இது. அந்த எதிரொலியை மைக் பிடிக்கவில்லை என்பதே உங்கள் தாள் சொல்வது. பிறந்த முதல் ஒன்றிரண்டு நாளில் காதுக்குழாயில் மாவுப்பூச்சும் நடுச்செவியில் நீரும் இருக்கும். குழந்தை அசைந்தாலும் அழுதாலும் பிடிக்காது.

ஆனால் தட்டுச் சத்தத்தை நம்பி விட்டுவிடாதீர்கள். தட்டு விழும் ஓசை மிகப் பலத்தது, அதிர்வும் சேர்ந்து வரும். பேச்சைக் கேட்க முடியாத குழந்தையும் அதற்குத் திடுக்கிடும். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே உலகெங்கும் பின்பற்றும் கால வரிசை.

அடுத்தது ‘பெரா’. நரம்பிலும் மூளைத்தண்டிலும் ஒலி கிளப்பும் மின்னலைகளைத் தலையில் ஒட்டிய தகடுகள் பதிவு செய்யும். ஐந்தாம் அலை எந்த அளவுவரை தெரிகிறது என்று பார்ப்பார்கள். குழந்தை நன்றாகத் தூங்க வேண்டும். ஆகவே வரும் வழியில் தூங்கவிடாமல், அங்கே போய்ப் பால் கொடுத்துத் தூங்கவையுங்கள். வழக்கமான ‘க்ளிக்’ ஒலி முக்கியமாக 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியைத்தான் சோதிக்கிறது. ‘90-லும் அலை இல்லை’ என்று வந்தால்கூடத் தாழ்ந்த அலைவெண்களில் கேட்கும் திறன் மிச்சமிருக்கலாம், அலைவெண்களைத் தனித்தனியாகச் சோதிக்கும் ‘டோன் பர்ஸ்ட்’ அல்லது ‘ஏ.எஸ்.எஸ்.ஆர்.’ செய்து பார்க்கச் சொல்லுங்கள். எதிர்மாறான நிலையும் உண்டு: ஓ.ஏ.இ. ‘பாஸ்’, பெராவில் அலை இல்லை. மயிரணு வேலை செய்கிறது, செய்தி நரம்பில் சீராகப் போவதில்லை. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது என்பது இதனால்தான்.

கேள்வி: ‘வெர்டிகோ’ என்ற நோய்க்கு மருந்து என்ன?

பதில்: வெர்டிகோ நோயின் பெயர் அல்ல, அறை சுற்றுவதுபோன்ற அறிகுறியின் பெயர். எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று குறித்து வையுங்கள். படுக்கையில் புரண்டதும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் தலையசைவால் வரும் பி.பி.பி.வி., மாத்திரையைவிடத் தலையைத் திருப்பும் பயிற்சி அதைத் தீர்க்கும். 20 நிமிடம் முதல் 12 மணி நேரம்வரை நீடித்து, காதடைப்பும் இரைச்சலும் சேர்ந்தால் மெனியர் என்னும் உட்செவி நோயை நினைப்பார்கள். நாள்கணக்கில் நீடித்தால் நரம்பு அழற்சியா என்று பார்ப்பார்கள். சுற்றலுடன் நாக்குழறல், இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்துக்கொண்டது, இரைகிறது. சளியோ குறும்பியோ, ஒரு வாரம் பார்க்கலாமா?

பதில்: பார்க்கக்கூடாது. சளியாக இருக்கலாம், ஆனால் மூன்று நாளுக்குள் திடீரென விழும் நரம்புவகைக் குறைவும் இதே முகத்தோடுதான் வரும். அடுத்தடுத்த மூன்று அலைவெண்களில் 30 டெசிபல் குறைந்திருந்தால் அந்தப் பெயர் வைப்பார்கள். அதற்கு ஸ்டீராய்டு மருந்து உண்டு. முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் முதல் சில நாளில் தொடங்கினால்தான் பலன் கூடுதல். காதில் சொட்டு விட்டுக்கொண்டு கழிந்த வாரம் திரும்பி வராது.

இப்போதே ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் உரக்கக் கேட்டால் தடைவகையாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதின் பக்கம் ஒலி போனால் நரம்புவகையென்று சந்தேகிக்க வேண்டும். முனகலின் விடை எதுவானாலும் இன்றோ நாளையோ காது மருத்துவரிடம் போய், “திடீர்னு ஒரு காது கேக்கல” என்ற வார்த்தைகளிலேயே சொல்லி, அன்றே ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்கள். ‘காது அடைப்பு’ என்று சொன்னால் வரிசையில் காத்திருக்க வைத்துவிடுவார்கள்.